ஆறு மணிக்குள் காலி செய்ய வேண்டிய வீடு

டாக்டர் வீட்டு வாசலில் மாலை மணி நாலே பத்து ஆகிப் பதினோரு வருடம் முடிந்துவிட்டது. நாலே பதினொன்று இன்னும் ஆகவில்லை. கேட்டுக்கு வெளியே, தெருவில், விடிவதும் இருட்டுவதும் ஒழுங்காக நடக்கின்றன. கேட்டுக்கு உள்ளே மட்டும் மதில்மேல் சாய்ந்த மஞ்சள் வெயில் அப்படியே நிற்கிறது. செம்பருத்திச் செடியின் நிழல் மூன்றாவது படியைத் தொட்டபடி கிடக்கிறது. எந்தக் கடிகாரத்தை உள்ளே கொண்டுபோனாலும் நாலே பத்துக்கு வந்து நின்றுவிடும். விநாடி முள் மட்டும் ஓடும்; ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்று போகும்; நிமிட முள் அதைக் கண்டுகொள்ளாது. வெளியே எடுத்து வந்தால் கடிகாரம் ஒன்றும் தெரியாத மாதிரி சரியான நேரத்தைக் காட்டும். மழை பெய்தால் வெயிலோடு சேர்ந்தே பெய்யும், அன்றைக்கு முழுக்க வானவில் இருக்கும். டாக்டரின் மனைவிக்கு அதுவும் அலுத்துவிட்டது. படுக்கையறைக்கு இரட்டை மடிப்பில் கறுப்புத் திரை தைத்துப் போட்ட பிறகுதான் அவளுக்கு ஒழுங்கான தூக்கம் வந்தது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு புகைப்படம். பக்கத்துத் தெருவில் குடியிருந்த நடிகரை ஊரே வாக்கண்ணன் என்று கூப்பிட்டது. எண்பத்தொரு படங்களில் நடித்தவர், ஒன்றில்கூடச் சொன்ன சொல் தவறியதில்லை; வில்லனிடம் வெள்ளிக்கிழமை வருவேன் என்றால் வியாழனும் இல்லை, சனியும் இல்லை. அவர் ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையிலேயே சாய்ந்தபோது, கையில் கிடைத்த பையோடு செருப்புகூட மாட்டாமல் ஓடியவர் டாக்டர். டாக்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மற்றவர்கள் கால் நிமிடம் நாடி பிடித்து நாலால் பெருக்கிக்கொள்வார்கள். அவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடமும் எண்ணுவார். அன்றும் அப்படித்தான் எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் எண்ண ஒன்றுமில்லாமல் போயிற்று. மதில்மேல் ஏறியிருந்த புகைப்படக்காரர் ஜன்னல் வழியாக எடுத்த படத்தில் வாக்கண்ணன் செத்துக்கொண்டிருந்தார், டாக்டர் மணி பார்த்துக்கொண்டிருந்தார். மாலைப் பத்திரிகையில் அது முதல் பக்கம் முழுக்க வந்தது. இதயம் மூன்று மாதமாகவே பழுதாகியிருந்தது என்ற பெரிய ஆஸ்பத்திரி அறிக்கை மறுநாள் பத்தாம் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே வந்தது. ராசிபலனைப் படித்தவர்கள் அதோடு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வீட்டுக்குப் போக அவசரமாம், அதனால்தான் மணி பார்த்தாராம் என்று முடிதிருத்தும் கடையில் பேசினார்கள். சாயங்காலம் சினிமாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தாராம் என்று பேருந்தில் பேசினார்கள். டாக்டர் கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள், போர்வைகளுக்கு அடியில் வைத்தார். நாலாம் நாள் ரசிகர் மன்றம் திரண்டு வந்தது. மன்றத் தலைவர் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருந்தார். உள்ளங்கை எப்போதும் கறுப்பாக, மனசு எப்போதும் கொதிப்பாக இருக்கும். கேட்டைத் திறந்து முற்றத்துக்குள் வந்து, படிக்குக் கீழே நின்று, வாக்கண்ணன் குரலிலேயே சொன்னார்.

"இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள நீங்களா காலி பண்ணணும். இல்லாட்டி ஆறு மணிக்கு நாங்க தூக்கி வெளிய வைப்போம். அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி ஒரு துரும்பைக்கூடத் தொட மாட்டோம். சொன்னா சொன்னதுதான்."

டாக்டர் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தார். அவர் மனைவி, பெண்கள் பள்ளியில் இருபது வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள், அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னங்க, தப்பு பண்ணீங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குப் போறது? போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு வேற ஊர்லயும் இதே போட்டோதான் முன்னாடி போய் நிக்கும்."

"கூட்டத்தப் பார்த்தியா?"

"பார்த்தேன். நாப்பத்தேழு பேரு. டீ குடிச்சிட்டு யோசிப்போம்."

பாலை அடுப்பில் வைத்தபோது மணி நாலே பத்து. டீ குடித்து முடித்தார்கள், இரண்டாவது டீயும் குடித்தார்கள், டாக்டர் நகம் வெட்டிக்கொண்டார், அவள் ஒரு வகுப்புக் குழந்தைகளின் கணக்கு நோட்டு முழுவதும் திருத்தி முடித்தாள். மணி நாலே பத்து. முற்றத்தில் நாற்பத்தேழு பேரும் கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள், காதில் வைத்துப் பார்த்தார்கள், உதறிப் பார்த்தார்கள். தெருவில் விளக்கு போட்ட பிறகும் முற்றத்தில் வெயில் அடித்தது. ஒருவன், தெருவில் மணி எட்டாயிடுச்சு தலைவரே, உள்ள பூந்துடலாம் என்றான். தலைவர் அவனை முறைத்த முறைப்பில் அவன் இரண்டு வாரம் மன்றத்துக்கே வரவில்லை. "எந்த வாசல்ல நின்னு சொன்னோமோ அந்த வாசல் மணிதான்டா கணக்கு. தெருவுல போய் மணி கேக்குறது கள்ளாட்டம். அண்ணன் செய்வாரா?"

அண்ணன் செய்யமாட்டார். அதனால் காத்திருந்தார்கள்.

முதலில் எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு பாய் வந்தது, பாய்க்குப் பின்னால் பெஞ்சு வந்தது, பெஞ்சுக்குப் பின்னால் ஓலைக் கூரை வந்தது. காலையில் டாக்டரின் மனைவி பள்ளிக்குக் கிளம்பும்போது காவலுக்கு இருப்பவர் எழுந்து வழிவிடுவார், அவள் "ஆறு ஆச்சா?" என்பாள், "இன்னும் இல்லீங்க டீச்சரம்மா" என்று பதில் வரும். மழைக்காலம் வந்ததும் சலவைக்கடைக்காரி, ஊரில் வேறு எங்கும் இல்லாத வெயில் இங்கே வீணாகிறதே என்று இரண்டு கொடி கட்டிவிட்டுப் போனாள். ராத்திரிக் கண் தெரியாத தையல்காரர், மன்றத்தின் பொருளாளரும்கூட, மிஷினைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டுக்கொண்டார். கோஷம் போடுவது மட்டும் நிற்கவில்லை. ஒழுங்காகப் போட்டார்கள், ஆனால் டீச்சரம்மா நோட்டு திருத்தும் நேரம் தவிர்த்துப் போட்டார்கள்.

டாக்டர் மட்டும் வெளியே வரவில்லை. ஒரு நோயாளியும் அவரைத் தேடி வரவுமில்லை. இரண்டு வருடம் அவர் மருத்துவப் புத்தகங்களுக்கு அட்டை போட்டார், போட்ட அட்டையைப் பிரித்து மறுபடி போட்டார். படுத்திருக்கும்போது அவர் விரல்கள் தானாக மனைவியின் மணிக்கட்டுக்கு வரும். தொட்டதும் சுட்டதுபோல் விலகிக்கொள்ளும். வீடு கையில் இருந்தது, வீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்துகொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆறு மணி வந்தால் தாங்கிக்கொள்ளலாம், இதை எப்படித் தடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் வருடம் ஒரு விடுமுறை நாளில் தலைவர் கோஷத்தின் நடுவில், "டாக்டர் ஒழி..." என்று தொடங்கி முடிக்காமல் மார்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிந்தார். முகமெல்லாம் வியர்வை. ஆம்புலன்சுக்குத் தகவல் சொல்லிவிட்டுக் கூட்டம் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. டாக்டர் வாசற்படிவரை ஓடிவந்து நின்றுவிட்டார். டாக்டரின் மனைவி அலமாரியைத் திறந்தாள், போர்வைகளைத் தரையில் தள்ளினாள், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள், வந்து அவர் மணிக்கட்டில் தானே கட்டினாள்.

"எல்லாரும் பாக்குறாங்கம்மா" என்றார் டாக்டர்.

"பாக்கட்டும். அதுக்குத்தானே வந்திருக்காங்க."

அவர் படி இறங்கினார். தலைவரின் கறுப்பு உள்ளங்கையை மடியில் வைத்து நாடி பிடித்தார், குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். அதே குனிவு, அதே கை, அதே பார்வை. புகைப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்த நாற்பத்தேழு பேரும் அதை இப்போது பக்கத்திலிருந்து பார்த்தார்கள். உதடு அசைவதைப் பார்த்தார்கள். படத்தில் அது விழுந்திருக்கவில்லை. விநாடி முள் முழுச் சுற்று சுற்றியது. நிமிட முள் அசையவில்லை.

"எத்தனை?" என்று தலைவர் கண்ணை மூடியபடி கேட்டார்.

"நூத்திப் பதினெட்டு. நடுநடுவுல தவறுது. பேசாதீங்க."

"எண்ணிட்டா இருந்தீங்க?"

"வேற என்ன பண்ணுவேன்?"

"அன்னைக்கும்?"

"அன்னைக்கும்தான். பேசாதீங்கன்னு சொன்னேன்ல."

டாக்டர் மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு ஆம்புலன்சிலும் கூடவே ஏறிப் போனார். தையல்காரர் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். அன்று மறுபடி யாரும் கோஷம் போடவில்லை. மறுநாள் எதைப் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தலைவர் திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குள் பொருளாளரின் இருமல், சலவைக்கடைக்காரியின் முழங்கால், இரண்டு கோஷக்காரர்களின் தொண்டை எல்லாம் வரிசையில் காத்திருந்தன. அந்த முற்றத்தில் முழு நிமிடம் நாடி பார்த்தாலும் ஒரு நிமிடமும் குறைவதில்லை என்பதால் டாக்டருக்கு அவசரமே இல்லை. டாக்டரின் மனைவி தலைவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

"இப்பவாவது அந்த வார்த்தைய வாபஸ் வாங்கிக்கலாமே, தலைவரே."

தலைவர் பதறிப்போனார். "அதெப்படி டீச்சரம்மா? எண்பத்தோரு படத்துல அண்ணன் ஒருக்காகூட வாபஸ் வாங்கல. ஆறு மணிக்குக் காலி பண்ணித்தான் ஆகணும்."

"சரி, பண்றோம். மணி என்ன?"

"நாலே பத்து."

"அப்ப டீயைக் குடிங்க."

அதன்பிறகு எட்டு வருடங்கள் போயின. டாக்டருக்குத் தலை நரைத்தது, அவளுக்குக் கண்ணாடி வந்தது, மன்றத்தில் நாலு பேருக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்து அந்த முற்றத்து வெயிலில் கிடந்து வளர்ந்தார்கள். நோயாளிகள் உட்கார இடம் போதாமல் போனதால் இந்த வருடம் மாடி எடுப்பது என்று டாக்டரும் மனைவியும் முடிவு செய்தார்கள். ஆறு மணிக்குக் காலி செய்ய வேண்டிய வீட்டுக்கு மாடி எதற்கு என்று தலைவர் ஒரு நாள் முழுக்க வாதாடினார். மறுநாள் அவரே கொத்தனாரை அழைத்து வந்தார். கொத்தனார் முற்றத்தில் நின்று கண்மேல் கைவைத்து வெயிலைப் பார்த்தார். படிக்கட்டை மேற்கே பார்த்து ஏறுகிற மாதிரி வைத்தால் ஏறுகிறவர்கள் முகத்தில் எப்போதும் வெயில் அடிக்கும் என்றார். அதனால் கிழக்கே பார்த்து ஏறுகிற மாதிரி வைத்தார்கள்.