தேரடியில் நிற்கும் வெடி

திருப்பதி சுட்ட வெடி இரண்டு வருடமாகியும் இன்னும் முடியவில்லை. விராலிமலைக்குத் தெற்கே எங்கள் ஊர்த் தேரடியில், இரட்டைக்குழல் துப்பாக்கியை வானத்துக்கு நீட்டியபடி நிற்கிறார். இடது குழல் பிளந்திருக்கிறது. அதிலிருந்து கிளம்பிய தீயும் நான்கு இரும்புச் சில்லுகளும் அவர் இடது உள்ளங்கைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அப்படியே நிற்கின்றன. கையை நகர்த்தினால் அவையும் கூடவே நகர்கின்றன. துப்பாக்கியை விட்டால் வெடி முடிந்துவிடும், கையும் போய்விடும்.

வடம் பிடிக்கும் முன் அவர் வீட்டுத் துப்பாக்கி ஒருமுறை வெடிக்க வேண்டும். நாலு தலைமுறை மரியாதை அது. அவர் அப்பா பித்தளைத் தோட்டாவில் கருமருந்தை அளந்து கெட்டித்து வெடிப்பார். அந்த வருடம் தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி, தேருக்கு முதல் நாள்தான் திரும்பி வந்தது. கருமருந்து கிடைக்கவில்லை. பங்காளி ஒருவர் கடையில் வாங்கிய புதுத் தோட்டாவைக் கொடுத்தார்.

“யாருகிட்டயாவது காட்டிக் கேட்டுட்டுப் போடுங்க” என்றாள் அவர் மனைவி செல்வராணி.

“உள்ள கச்சிதமாப் போகுதுல்ல, அப்புறம் என்னத்தக் கேக்குறது?” என்றார். மரியாதை பங்காளி வீட்டுக்குப் போய்விடுமோ என்ற பயம் மனுசனுக்கு. பாழாய்ப்போன பயம்!

வெடி அப்படி நின்ற பிறகு, துப்பாக்கி பழுது பார்க்கும் கண்ணுசாமி திருச்சியிலிருந்து வந்து, குனிந்து நிமிர்ந்து பார்த்தார். “உள்ள போகும்ங்க. வெடிச்சதும் தோட்டாவோட வாய் விரிஞ்சு நீளும். தோட்டா உக்கார்ற இந்தப் பழைய அறையில அதுக்கு எடமில்ல. ரெண்டரை இஞ்சு அறையில, விரிஞ்சா ரெண்டேமுக்கால் ஆவுற தோட்டா. போதாததுக்கு, இது இரும்புப் பட்டையச் சுத்திச் செஞ்ச குழலு. கருமருந்தத்தான் தாங்கும். மொதல்லயே கொண்டாந்திருந்தா அளந்து பாத்து வேணாம்னிருப்பேன்.”

“இப்ப என்னண்ணே செய்யிறது?” என்றாள் செல்வராணி. கண்ணுசாமி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

ஊர் தன்னால் ஆனதைச் செய்தது. மேலே தகரம் போட்டார்கள். தேரை ஒரு முழம் ஒதுக்கி இழுத்தார்கள். அடுத்த தேர்தலுக்குத் துப்பாக்கி கேட்டு வந்த ஏட்டையா, வெடித்துக்கொண்டிருப்பதால் ஒப்படைக்க இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கப் பார்த்து, வாங்க முடியாமல் தானே போட்டுக்கொண்டு போனார். மகள் இளமதியின் கல்யாணத்தைத் தேரடியிலேயே வைத்தார்கள். காலில் விழுந்த பிள்ளையின் தலையைத் தொடக் கையில்லாமல் திருப்பதி வாய்விட்டு அழுதார். செல்வராணிதான் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

தினமும் மத்தியானம் அவள் சோறு ஊட்டி முடித்ததும், “விட்டுரவா? முடியல செல்வி” என்பார். முதலில் எல்லாம் கதறுவாள். இப்போது, “இன்னைக்கு வேணாங்க, நாளைக்குப் பாப்போம்” என்று சொல்லிவிட்டு, சில்லுக்கும் அவர் உள்ளங்கைக்கும் நடுவே தன் கையை நுழைத்துக் கொஞ்ச நேரம் துப்பாக்கியைத் தாங்குகிறாள். அவர் விரலை நீட்டி மடக்கிக்கொள்கிறார். தேரடியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.