கட்டுப் போட்டவர்களுக்கு ஒரு சட்டை

என் மகள் காவ்யா புத்தூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருடம் பள்ளியில் தொழில் தொடங்கக் கற்றுத்தருகிறார்கள். பிள்ளைகள் ஏதாவது பொருள் செய்து, முன்பின் தெரியாத ஒருவராவது அதை விரும்பி வாங்க வேண்டும். அப்போதுதான் திருப்பதிக் கண்காட்சியில் இடம். நான் தையல்காரி ஆயிற்றே, இவள் என் உயிரை வாங்கினாள்.

புத்தூர் கட்டுக்கு எங்கிருந்தெல்லாமோ கை ஒடிந்தவர்கள் வருகிறார்கள். அவர்களுக்காகக் கைப்பக்கம் முழுக்கத் திறக்கும் சட்டை என்று இவளும் கூட்டாளி ஜெயபிரகாஷும் முடிவு செய்தார்கள். தைத்துக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒருவரும் சீண்டவில்லை. என்ன கஷ்டம் என்று கேட்டாலும், ஒன்றுமில்லை பாப்பா என்று நகர்ந்தார்கள். ஜெயபிரகாஷ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஒரு கையோடு எப்படிக் கஷ்டம் இல்லாமல் போகும் என்று இவளுக்கு மண்டைக் குடைச்சல்.

ஞாயிறு காலை வலது கையைத் துப்பட்டாவால் உடம்போடு கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அபசகுனம் பிடித்தவளே, அவிழ்த்துத் தொலை என்று கத்தினேன். காதில் வாங்கினால்தானே! இடக்கையால் பல் தேய்த்தாள், இட்லி தின்றாள். அப்புறம் அரைக்கால் சட்டைக்கு மேலே அவள் அப்பாவின் லுங்கியை மாட்டினாள். எத்தனை முறை மடித்துச் செருகினாலும் நழுவியது. கடைசியில் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"யம்மா, நைனா லுங்கி நிக்கவே மாட்டேங்குது. இருக்கற ஒரு கையும் இத்தப் புடிச்சிக்கினு இருக்கவே சரியாப் போச்சி."

எனக்குச் சுரீர் என்றது. எந்த ஆம்பளை இதைப் பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம் சொல்வான்?

மாப்பிள்ளை வேட்டிக்கு வைக்கும் அதே ஒட்டுப் பட்டையை லுங்கியின் இடுப்பில் வைத்துத் தைத்தேன். இழுத்து ஒட்ட ஒரு கை போதும். கையில் கட்டோடு கங்காதர நெல்லூர்க்காரர் முனுசாமி என்பவர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். ஜெயபிரகாஷ் அவரைத் தனியாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னான். கட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்று கூச்சத்தோடு வாங்கிப் பையில் மறைத்துக்கொண்டார்.

கண்காட்சிக்கு முந்தின நாள்தான் மறுகட்டுக்கு வந்தார். அதுவரை இவள் சரியாகச் சாப்பிடவில்லை. நேராக எங்களிடம் வந்தார்.

"இதுக்குக் காசு வாங்கிக்கோ. மாத்திக்க இன்னொண்ணு தச்சிக் குடு," என்றார்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"வூட்ல மருமவதான் இருக்குது. அது கிட்ட கட்டி வுடச் சொல்லுவனா? இத்தினி நாளா பையன் ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போனா, வர்ற வரைக்கும் பாயை வுட்டு எழுந்திருக்க மாட்டேன். நேத்து நானே நடந்து போயி கடையில டீ குடிச்சிட்டு வந்தேன் கண்ணு."