பிஸ்கட் டின் அன்னம்

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஜூலியஸுக்குத் தன் தமிழ்மேல் கொள்ளைப் பெருமை. தோட்டத்தில் எல்லாரும் சோறு தின்றார்கள். அவர் மட்டும் அன்னம் உண்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் அது. வெள்ளைச் சட்டையைப் போல அழுக்குப் படாமல் வைத்திருந்தார். அந்தப் பெருமைதான் செல்லையாவின் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம். கூலிச் சனங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். மாரியம்மன் கோவிலோ கம்பிக்கு வெளியே மாட்டிக்கொண்டது. திருவிழாவுக்கு அம்மன் ஏறிவர அன்ன வாகனம் செய்யும் பொறுப்பு செல்லையாவுடையது. ரப்பர் மரம் சீவுகிறவன்தான், ஆனால் உளியும் பெயின்டும் கொடுத்தால் சோறு தண்ணி மறந்துவிடுவான்.

அன்னத்தை அவன் எங்கே கண்டான்? யார்தான் கண்டார்கள்? பாலையும் தண்ணீரையும் பிரிக்குமாம் என்று கதை கேட்டதோடு சரி. கிராணி வீட்டு பிஸ்கட் டின்னில் வெள்ளைக்காரன் ஊர் அன்னம் நீந்துகிறது என்று கேள்விப்பட்டுப் பின்வாசலில் வந்து நின்றான். ஜூலியஸின் மனைவி பியாட்ரிஸ் டின்னை எடுத்துக் காட்டினாள். கழுத்தை அதில் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டான். வால்தான் மொட்டையாக இருக்கிறதே என்று குறைப்பட்டு, மயில் தோகை மாதிரி ஒன்றைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னான். அன்றைக்கு ஜூலியஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

வாகனத்தைக் கோவிலில் சேர்க்க வேண்டிய நாளும் வந்தது. காலையில் செல்லையாவின் பெண்டாட்டி சின்னத்தாய் சோதனை முடிந்து வாசலைத் தாண்டிவிட்டாள். இவன் வரிசையில் நின்றபடியே அவளுக்குக் குரல் கொடுத்தான்.

"சாயங்காலம் அன்னத்த வெளிய கொண்டு போயிரணும். அங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

அவன் என்ன சொல்கிறான் என்று வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, வாசலில் பேர் பதிந்துகொண்டிருந்த கிராணியைக் கேட்டார். வெள்ளைக்காரன் கேட்டால் ஜூலியஸுக்கு வாய் முந்திக்கொள்ளும். "ரைஸ்" என்றார். சாயங்காலம் ரைஸை வெளியே கொண்டுபோகப் போகிறானாம், அங்கே ஆள் காத்திருக்கிறதாம் என்று அழகான இங்கிலீஷில் சொல்லி முடித்தார்.

அடப் பாவி மனுஷா! லயத்தில் எவனாவது சோற்றை அன்னம் என்று சொல்லிக் கேட்டதுண்டா?

செல்லையாவின் கைகளைப் பின்னால் இழுத்து விலங்கு மாட்டினார்கள். கழுத்து வளைவைக் கையால் காட்டியாவது புரியவைக்கலாம் என்று திமிறினான், முடியவில்லை. வீட்டைப் புரட்டினார்கள். கட்டிலுக்கடியில் அரிசி இல்லை, சாக்கில் சுற்றிய மரப்பறவைதான் இருந்தது. பிஸ்கட் டின் கழுத்து, மயில் வால், ஒரு கண் மட்டும் எழுதியிருந்தது.

ஜூலியஸுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. இது என்ன என்று அதிகாரி கேட்டார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் இங்கிலீஷ் தெரிந்த கிராணி என்ற பேர் என்னாவது? சாமி சாமான் என்று மட்டும் சொன்னார். அரிசியை வேறெங்கோ ஒளித்துவிட்டான் என்று முடிவுகட்டி, செல்லையாவை லோரியில் ஏற்றி கோல சிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். காட்டுக்கு அரிசி கொடுத்தான் என்றால் அடைத்துப்போட்டுக் கப்பலேற்றி நாடுகடத்திவிடும் காலம்.

சின்னத்தாய் வந்து ஜூலியஸின் காலில் விழுந்தாள். எந்தப் பாவியோ கோள்மூட்டிவிட்டான், ஐயாதான் காப்பாற்ற வேண்டும் என்று அழுதாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. காலை இழுத்துக்கொள்ளக்கூடத் தைரியம் வரவில்லை. பியாட்ரிஸ் பிஸ்கட் டின்னை எடுத்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவருக்கு அன்னம் இறங்கவில்லை.

மறுநாள் அந்த டின்னோடு ஸ்டேஷனுக்குப் போனார். அங்கேயாவது யோக்கியமாகப் பேசினாரா? இல்லை. லயத்துச் சனங்கள் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் வைத்திருக்கிறார்கள், விசாரித்துக் கண்டுபிடித்தேன் என்று டின்னில் இருந்த பறவையைக் காட்டினார். அதிகாரி சிரித்துவிட்டு ஆளை விட்டார். செல்லையா வீங்கிய உதட்டோடு வெளியே வந்து கும்பிட்டான். ஜூலியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராத்திரி ஊரடங்கு என்பதால் திருவிழா பகலிலேயே நடந்தது. அம்மன் இரண்டு கண்ணும் திறந்த அன்னத்தின்மேல் ஏறி வந்தாள். தோட்டத்துத் துரை அரிசிக்குத் தனி அனுமதி கொடுத்ததால் கோவிலில் எல்லாருக்கும் சாப்பாடு. பூசாரி சன்னாசி, ஜூலியஸை முதல் இலையில் உட்காரவைத்து மாலை போட்டார்.

"பாலு வேற தண்ணி வேறன்னு பிரிச்சுக் குடுத்தாரு பாருங்க. நம்ம கிராணி ஐயாதான்லா அன்னப்பட்சி."

ஜூலியஸுக்கு அந்த மாலை நெருப்பாகச் சுட்டது. எழுந்துவிட்டார்.

"தண்ணியக் கலந்ததே நான்தான். நான்தான் தப்பாச் சொன்னேன்" என்றார்.

சனம் ஒரு கணம் விழித்தது; பிறகு சிரித்தது. படித்த மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் பார் என்று பேசிக்கொண்டார்கள். சின்னத்தாய் கண்ணீரோடு கைகூப்பினாள். சொன்ன உண்மையும் பெருமையாகவே வந்து சேர்ந்தது. இதைவிட ஒரு செருப்படி உண்டா? ஜூலியஸ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

செல்லையா மட்டும் சிரிக்கவில்லை. வாளியோடு வந்து அவர் இலையில் பரிமாறினான். குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

"ரைஸுன்னு நீங்க சொன்னது அன்னிக்கே எனக்குக் கேட்டுச்சுங்கய்யா. வாசல்ல தெனமும் தடவுறப்ப கேக்குற அந்த ஒரு வார்த்தை இப்ப யாருக்குத்தான் தெரியாது?"

இன்னும் ஒரு கரண்டி வைத்தான்.

"சாப்புடுங்க. சோறு ஆறிப்போவுது."