மஞ்சள் கோடு திரும்பும் இடம்

என் தம்பி பட்டாபி இரண்டாவது தடவை விழுந்த காலையில் எங்கள் ஸ்ரீவராகம் வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி வாலாம்பாள், பட்டாபி, அவன் மகள் ஜானவி, அவள் கணவன் வினீத். வேறு ஒருவரும் இல்லை. வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெளியாள் மேல் பழியைப் போட வழியில்லை என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

பட்டாபிக்குக் கண் அழுத்த நோய். பார்வை பெரும்பாலும் போய்விட்டது; அடர்ந்த நிறம் மட்டும் மங்கலாகத் தெரியும். மனைவியை இழந்தவன். ஜானவி அவனைக் கழக்கூட்டத்தில் தன் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போக நினைத்தாள். பிறந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அவன் சொன்னான். அண்ணன் உயிரோடு இருக்கும்போது தம்பி போய் மகள் வீட்டில் தங்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை என்று நான் சொன்னேன். கடைசியில், பார்வையற்றோருக்காக வீடுகளை மாற்றி அமைத்துத் தரும் ஜெபமலர் என்ற பெண்ணை ஜானவியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஜெபமலர் சிவப்புத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினாள். பட்டாபியின் அறையிலிருந்து கூடம் வழியாகப் பின்கட்டுக் குளியலறை வரைக்கும் ஒரே கோடு. முற்றத்து விளிம்பிலும் மஞ்சள். கோடு பின்கட்டுப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டு, அதன் முதுகில் மஞ்சள் பருத்தி உறை மாட்டினாள். உறையைத் தொட்டதும் பட்டாபி வலது பக்கம் திரும்ப வேண்டும். தொடாமல் நேரே போனால் முற்றத்துப் பள்ளம்.

"சார், நாற்காலி தள்ளிப் போச்சுன்னா இவரும் தள்ளித்தான் போவாரு. ஒருத்தரும் அசைக்கப்பிடாது," என்றாள்.

வாசலில் நின்றால் அந்தக் கோடு தெரியும். எதிர்வீட்டு ஆனந்தகிருஷ்ணன் மறுநாளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அது பிடிக்கவில்லை.

பட்டாபிக்குப் பழகும்வரை இருக்கிறோம் என்று ஜானவியும் வினீத்தும் வந்து தங்கினார்கள். அதற்குப் பிறகு, தனியாக நடந்த முதல் காலையில்தான் அவன் முதல் தடவை விழுந்தான். கை நாற்காலிக்கு நீண்டது, நாற்காலி அங்கே இல்லை என்றான். போய்ப் பார்த்தேன். ஒரு சாண் நகர்ந்திருந்தது. பழைய இடத்தில் வைத்து, அதன் கால்களைச் சுற்றிச் சுண்ணாம்பால் அடையாளம் போட்டேன். மறுநாள் இரண்டாவது தடவை அவன் விழுந்து முழங்கால் பிளந்தபோதும் கால்கள் அடையாளத்துக்கு வெளியே நின்றன.

வினீத் பஞ்சை எடுத்து மாமனாரின் காயத்தைத் துடைத்துக்கொண்டே தன் மலையாளம் கலந்த தமிழில் பேசினான். "பெரியப்பா, இனி ஒரு தடவை விழுந்தா அப்பாவை நாங்க கொண்டு போயிடுவோம், கேட்டோ."

விழுவதால் யாருக்கு லாபம் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பட்டாபி இவர்களோடு போய்விட்டால் வீட்டில் அவன் பாதியை இவர்கள் கேட்டு வாங்கி விற்றுவிடலாம்.

"நாற்காலி தானா நடந்துதா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

அவன் பஞ்சை வைத்துவிட்டு எழுந்து போனான். ஜானவி உள்ளே போய் அப்பாவின் வேஷ்டிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே கூடத்து மூலையில் போய் உட்கார்ந்தேன். வினீத்தின் அறைக் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த அரவம் கேட்டு பட்டாபி தன் அறையிலிருந்தே சொன்னான்: "அண்ணா, கண்ணு போனது எனக்கு. தூக்கம் போனது உனக்கா?"

கதவு திறக்கவில்லை. பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாலாம்பாள் குளித்துவிட்டு, மடிப்புடவை கட்டிக்கொண்டு, சமையலுக்கு வந்தாள். கையில் கொடியிலிருந்து மடித்துணி எடுக்கும் நீளக்கோல். நாற்காலிக்கு அருகில் வந்ததும் நின்றாள். எல்லாரும் தொடும் பருத்தி உறை, வழியோ குறுகல். புடவை உரசினால் மறுபடி குளிக்க வேண்டும். கோலின் நுனியால் நாற்காலியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, ஒதுங்கி அடுக்களைக்குள் போனாள். கல்யாணமான நாளிலிருந்து வழியில் கிடக்கும் துணியையும் பாயையும் அவள் அப்படித்தான் ஒதுக்குகிறாள். நாற்காலியை அசைக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லவோ, அவளைக் கேட்கவோ ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வாலாம்பா, நாற்காலியை என்ன பண்ணினே?"

"ஏன்னா, கிட்ட வராதேங்கோ, நான் மடி. ஒரு சாண் ஒதுக்கினேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கோல் அவள் கையிலிருந்து நழுவியது. "அதனாலயா விழுந்தான்?"

நாற்காலியை நான் அடையாளத்துக்குள் வைத்தேன். வினீத் எழுந்து வந்ததும் ஜானவியின் முன்னிலையில் சொன்னேன்: "நாற்காலியை நகர்த்தினது என் ஆத்துக்காரி. நீங்க இல்லை."

அவன் தலையை மட்டும் அசைத்தான்.

மடியை விடு என்று வாலாம்பாளிடம் நான் சொல்லப் போவதில்லை. பட்டுக்கு விழுப்பில்லை; உரசினாலும் மடி கெடாது. அறுபதாம் கல்யாணத்துக்குக் கட்டிய மஞ்சள் பட்டு வேஷ்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவளே வெட்டி நாற்காலிக்கு உறை தைத்தாள். ஜெபமலர் வந்து பார்த்தாள். முன்னதைவிட இது பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லி, நாற்காலிக் கால்களைத் தரையோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டுப் போனாள். மறுநாள் காலை பட்டாபி தனியாக நடந்து வந்தான். பட்டைத் தடவினான், திரும்பினான், குளியலறைக்குப் போய்ச் சேர்ந்தான். ஜானவி பையிலிருந்த வேஷ்டிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அண்ணன் தம்பி வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள், நடுவில் மஞ்சள் கோடு போட்டாயிற்று என்று தெருவில் ஒரு பேச்சு நடக்கிறது. வீடு பிரிக்கப்படவில்லை. அது என் தம்பி குளிக்கப் போகும் வழி.