இரண்டு பக்கமும் தாழ்ப்பாள்

மாலை வகுப்பில் வீட்டு வரைபடம் போடக் கற்கிறேன். இந்த வாரப் பயிற்சிக்குப் பாலக்காட்டு ராவுத்தர் தெரு ஒன்றில் சபியாக்காவின் வீட்டை அளந்தேன். அவர் கணவர் சஜ்ஜாத் அந்தப் படத்தை வைத்தே ஒரு குளியலறை கட்டப்போகிறார். கொத்தனார் நாளைக் காலையில் வருகிறார். அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் இருமுறை அளந்தேன். அப்படியும் தப்பு வந்தது.

அந்தத் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. முகங்கள்தான் வேறு வேறு. சபியாக்கா வீட்டுக்கு ஓட்டுக்கூரை, மரமாடி. அடுத்த வீட்டில் பர்மாவில் சம்பாதித்த யாரோ வைத்த வண்ணக் கண்ணாடி. அதற்கடுத்தது போன வருடம் எழும்பிய கான்கிரீட் வீடு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று குறித்துக்கொண்டேன்.

படத்தைப் பார்த்த சபியாக்கா நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா தமிழ்ப்ரியா, இது அலமாரியா?"

"முன்னாடி அண்டா இருந்துச்சுங்கக்கா. அலமாரின்னு நெனச்சுட்டேனுங்க."

"அடுத்த வீட்டுக்குப் போற கதவும்மா. அந்தக் காலத்துப் பொம்பளைங்க தெருவுல இறங்காம இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் போவாங்க."

"இப்ப யாரு போறா?" என்றார் சஜ்ஜாத். "செங்கல் வெச்சு அடைச்சா குளியலறைக்குச் சுவராச்சு."

"பகல்ல நீங்க கடையில. வலி வந்தா எனக்கு யாரு வருவா?"

"போன் இருக்குல்ல."

"போன் வந்து வாசக்கதவத் தொறக்குமா?"

நான் அண்டாவை நகர்த்தித் தாழ்ப்பாளை நீக்கினேன். கதவு அசையவில்லை.

"அந்தப் பக்கமும் தாழ்ப்பாள் இருக்கு. ரெண்டு வீடும் நெனச்சாத்தான் தொறக்கும்." சபியாக்கா கதவைத் தட்டினார். "ரஸியா மாமி!"

கதவு திறந்தது. ரஸியா மாமி கரண்டியோடு நின்றார். "வலியா?"

"இல்ல மாமி. இந்தப் புள்ளைக்குக் காட்டணும்."

"இதுக்கா? அடுப்புல எண்ண காயுது." திட்டிக்கொண்டே போய்த் தன் வீட்டின் மறுசுவரில் இருந்த கதவைத் தட்டினார். அங்கிருந்து அடுத்த வீடு. தாழ்ப்பாள்கள் விலகும் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது.

கதவுக்குள் கதவு, அதற்குள் கதவு. சிவப்பும் பச்சையுமாய் விழுந்த கண்ணாடி வெளிச்சம், கான்கிரீட் வீட்டு டைல்ஸின் பளபளப்பு, அப்புறம் ஏதோ இருட்டு, எல்லாம் தாண்டித் தெருக்கடைசி வீட்டு முருங்கைமரம் அசைந்தது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் கட்டியவை, ஒரே கோட்டில் நின்றன. புது வீட்டுக்காரர்கூட அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறார். அளக்கும் டேப் கையில் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

முருங்கைமரத்தின் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "யாருக்கு வலி? நான் வரவா?"

சஜ்ஜாத் அந்தக் குரல் வந்த தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "குளியலறையக் கொல்லைப்பக்கம் போட்டுக் குடும்மா" என்றார்.

அலமாரியை அழித்துக் கதவை வரைந்தேன். இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் உள்ள கதவுக்கு வகுப்பில் இன்னும் குறியீடு சொல்லித்தரவில்லை. பக்கத்தில் அதைச் சொற்களில் எழுதி வைத்தேன்.