வேலியில் கட்டிய விளம்பரம்

மல்கிரேவ் கைட்ஸ் பேஸ்போல் அணி இன்னொரு ஆட்டத்தையும் தோற்றுக்கொண்டிருந்தபோதுதான் ஜேக் வேலியில் மோதினான்.

எதிரணிக்காரன் அடித்த பந்து மைதானத்தின் கோடிக்கு உயரப் பறந்தது. ஜேக் அதை விட்டிருக்கலாம். ஆறு ஓட்டம் பின்தங்கிக் கிடக்கும் அணிக்கு அந்தப் பந்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் அவன் பந்தையே பார்த்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினான். தோள் இரும்புக் கம்பத்தில் இடித்த சத்தம் பார்வையாளர் மேடை வரை கேட்டது.

மேடையில் இருந்த மிருணாளினி கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். அவசரப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறவள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்க அங்கே ஆளும் இல்லை. அணியில் மருத்துவ உதவியாளர் என்று ஒருவர் இருந்தார். செலவு அதிகம் என்று போன வருடமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் காய்ந்துபோன பிளாஸ்டர்தான் இருந்தது. பின்னாலேயே ஓடிவந்த சடகோபனின் கழுத்திலிருந்த கைட்ஸ் சால்வையை உருவி ஜேக்கின் கையைத் தூக்கிக் கட்டினாள். காறை எலும்பு முறிந்திருந்தது. ஜேக் வார நாட்களில் குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறவன். வலியைவிட அந்த யோசனைதான் அவன் முகத்தில் தெரிந்தது.

"அந்த இடத்துல மெத்தை இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது அக்கா," என்றான் சடகோபன். மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவன், மதுரைக்காரன். ஐந்து வருடமாக அவளுக்குப் பக்கத்து இருக்கை.

"எனக்குத் தெரியாதே? ரெண்டு வருசமாச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறன்," என்றாள் அவள்.

வேலியின் நடுப்பகுதியிலிருந்த மெத்தை கிழிந்து விழுந்து இரண்டு வருடம். அணியின் சொந்தக்காரர்கள் ஹாலோவே சகோதரர்கள். புறநகர்களில் வரிசை வரிசையாக வீடு கட்டி விற்கிறவர்கள். பந்து எறிகிற பிட்சர் நல்லவனாக ஒருவன் உருவானால் உடனே வேறு அணிக்கு விற்றுவிடுவார்கள். உடை மாற்றும் அறையில் சுடுதண்ணீர் வருவதில்லை. மழை பெய்தால் தரையை மூடும் படுதாவில் ஓட்டை. இவ்வளவுக்கும் நுழைவுச்சீட்டு விலை மட்டும் வருடா வருடம் ஏறும்.

ஆம்புலன்ஸ் போன பிறகு மூத்தவர் கிரெக் ஹாலோவே கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தார். மிருணாளினி நேரே அவரிடம் போனாள்.

"அந்த மெத்தையை எப்போது போடப்போகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் சிரித்தார். "வேலி என்றால் கடினமாகத்தான் இருக்கும். அவன் கொஞ்சம் பார்த்து ஓடியிருக்கலாம். சீசன் முடியட்டும், பார்ப்போம். நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே."

வீட்டுக்கு வந்தும் அந்தச் சிரிப்பு அவளை விட்டுப் போகவில்லை. குசினியில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். கணவன் கபிலன் சத்தம் கேட்டு வந்தான்.

"நீர் ஏன் இன்னும் அங்க போறீர்? வெல்லவும் மாட்டாங்கள், ஒரு சதம் செலவழிக்கவும் மாட்டாங்கள். விடுமன்."

"நான் ஏன் விடவேணும்? கைட்ஸ் ஹாலோவேக்காரரின்ர ரீம் இல்லை. ஜேக்கின்ர ரீம். என்ர ரீம். அவை வாங்கி வச்சிருக்கினம், அவ்வளவுதான்."

கபிலன் துணியை எடுத்துப் பாத்திரங்களைத் துடைக்கத் தொடங்கினான்.

அடுத்த கிழமை சடகோபன் ஒரு வழி கண்டுபிடித்தான். பக்கத்து ஊரான டாண்டினோங்கில் மூடப்போகும் உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில் தடித்த மெத்தைகளைச் சும்மா கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் ரசிகர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி அவற்றை ஏற்றிவந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மிருணாளினி வேலியோரம் முழங்காலிட்டு, கை தோல் உரிய உரியப் பட்டிகளை இழுத்துக் கட்டினாள். மைதான மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "நல்ல வேலை" என்று சொல்லிப் போனார்.

அதற்கடுத்த ஆட்டத்துக்கு அவளும் சடகோபனும் நேரத்தோடு வந்தார்கள். இருக்கையில் உட்காரும்போதே சடகோபன் கை நீட்டினான்.

"அக்கா, அங்க பாருங்க."

மெத்தைகள் தெரியவில்லை. அவற்றின்மேல் நீளமான ஒரு பிளாஸ்டிக் பதாகை கட்டியிருந்தது. ஹாலோவே வீடுகள். உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பே எங்கள் அக்கறை.

அவள் அதை இரண்டாம் முறை வாசிக்கும்போது ஒலிபெருக்கி பேசியது. வீரர்களின் பாதுகாப்புக்காகப் புதிய மெத்தைகளை அமைத்துத் தந்த ஹாலோவே சகோதரர்களுக்கு எல்லோரும் நன்றி சொல்லலாம் என்றது. விஷயம் தெரியாத சனம் கை தட்டியது. கிரெக் ஹாலோவே சொந்தக்காரர்களுக்கென்று தனியாக அடைத்த பெட்டி இருக்கையில் எழுந்து நின்று கை அசைத்தார்.

மிருணாளினி முதல் இன்னிங்ஸ் முடியும்வரை பொறுத்தாள். அணிகள் இடம் மாறும் நேரத்தில் எழுந்து, கைப்பையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, தடுப்பைத் தாண்டிப் புல்லில் இறங்கினாள்.

"அக்கா, வேணாம்," என்றான் சடகோபன். பிறகு அவனும் இறங்கினான்.

அவள் ஒரு முனையிலிருந்து பிளாஸ்டிக் கட்டுகளை வெட்டிக்கொண்டே போனாள். சடகோபன் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். பதாகை பாதியில் மடிந்து தொங்கியது. நடுவர் ஆட்டத்தைத் தொடங்காமல் இடுப்பில் கை வைத்து நின்றார். கைட்ஸ் வீரர்களில் ஒருவன்கூட அவளைத் தடுக்க வரவில்லை. பாதுகாவலரும் பின்னால் கிரெக் ஹாலோவேயும்தான் வந்தார்கள்.

"என்ன செய்கிறாய் என்று தெரிகிறதா?" என்றார் ஹாலோவே. இப்போது சிரிக்கவில்லை. "இது என் சொத்து."

"பதாகை உங்களுடையது. எடுத்துக்கொள்ளுங்கள்," என்று கடைசிக் கட்டையும் வெட்டி, அதைச் சுருட்டி அவர் காலடியில் போட்டாள். "மெத்தை எங்களுடையது. ஜேக்கின் தோள் உடைந்தபோது பார்த்து ஓடியிருக்கலாம் என்று சொன்னீர்கள். அதையும் அந்த ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்."

மேடையில் சிலர் எழுந்து நின்றார்கள். யாரோ விசில் அடித்தார்கள். ஆனால் யாரும் இறங்கி வரவில்லை. பாதுகாவலர் வயதானவர், மெதுவான குரலில், "வாம்மா, போகலாம்" என்பதுபோல் ஆங்கிலத்தில் சொல்லி இருவரையும் வாசல்வரை கூட்டிப்போனார். சீசன் முடியும்வரை உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு அவள் போனாள். உள்ளே அல்ல, மைதானத்துக்கு வெளியே உள்ள புல்மேட்டுக்கு. அங்கிருந்து வேலிக் கம்பிக்கு மேலாக ஆட்டம் ஓரளவு தெரியும். சடகோபன் மடக்குக் கதிரையோடு வந்தான். மெத்தை தூக்கிய இன்னும் சிலர் வந்தார்கள். ஜேக்கும் வந்தான், கை கழுத்துக் கட்டில் தொங்க. வேலைக்குப் போக முடியவில்லை, ஹாலோவே தரப்பிலிருந்து யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை என்றான்.

பதாகை மறுபடி ஏறியிருந்தது. இந்த முறை பிளாஸ்டிக் கட்டு இல்லை. இரண்டு முனையிலும் நடுவிலும் புத்தம் புதிய உருக்குக் கம்பி வெயிலில் மின்னியது.

"இதுக்குக் காசு இருக்கு பாத்தீங்களா," என்றான் சடகோபன்.

மூன்றாவது இன்னிங்ஸில் கைட்ஸ் நான்கு ஓட்டம் பின்தங்கியது. புதிதாக வந்திருந்த பிட்சருக்குப் பந்து கைக்கு அடங்கவில்லை. அவனை மாற்ற வேறு ஆளும் இல்லை. மிருணாளினி வேலியருகே போய்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஒருவரும் அவள் வாயால் கேட்டிராத வசவுத் தமிழில், எதிரே இருந்த பெட்டி இருக்கையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினாள்.