முப்பதுக்குக் குறைந்தவர்கள்

மாநிலத்தின் புதிய கல்வித் திட்டத்துக்கு வாஷிங்டன் ஒப்புதல் கொடுத்த செவ்வாய்க்கிழமை காலையில், கார்வர் ஊர்ப் பள்ளியில் பதினாறு பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். அன்று சோள விலையும் சற்று இறங்கியிருந்தது. ஊர் வானொலி இரண்டையும் சொன்னது, சோளத்தை முதலில். பிள்ளைகள் எங்கும் ஓடிவிடவில்லை. பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் சட்டை, பூட்ஸ், முதுகுப் பையோடு மறைந்தார்கள். சாயங்காலம் அதே வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் முழுசாகத் தெரிந்தார்கள். உள்ளே அவர்கள் பேசுவது கேட்டது, தும்முவது கேட்டது. மதியம் உணவுத் தட்டுகள் தாமாக மிதந்து போய் மேசையில் உட்கார்ந்தன. அந்த வாரம் முடிவதற்குள் சமையலறைப் பெண்கள் காற்றைப் பார்த்து "இடிக்காம போ கண்ணு, சூடா இருக்கு" என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய மத்தியச் சட்டம் பிள்ளைகளைப் பிரித்துப் பிரித்து எண்ணியது: ஏழைகள் எத்தனை பேர், உடல் குறையுள்ளவர்கள் எத்தனை பேர், ஆங்கிலம் இன்னும் வராதவர்கள் எத்தனை பேர் என்று. ஒரு பள்ளியில் ஒரு வகைப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அவர்கள் மதிப்பெண்ணைத் தனியாக ஊருக்குக் காட்டவேண்டும்; குறைந்தால் காட்டவேண்டாம் என்பது மாநிலத்தின் வழக்கம். புதிய சட்டம் வந்தபோது, எண்ணிக்கை உட்பட எல்லாவற்றையும் புதிதாக எழுதி அனுப்புங்கள், மக்களையும் கேளுங்கள் என்று வாஷிங்டன் சொல்லிவிட்டது. மாநிலத்துக்குத் தலைகால் புரியவில்லை. மாவட்டம் மாவட்டமாக அதிகாரிகள் கிளம்பினார்கள்.

கார்வரில் கூட்டம் பள்ளி உணவுக்கூடத்தில் நடந்தது. மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக்குழம்பு, தொட்டுக்கொள்ள பட்டைப் பொடி தூவிய இனிப்பு பன். அந்த மாநிலத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் தின்பார்கள், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. தலைநகரிலிருந்து வந்த அதிகாரி அம்மாள் ஆளுக்கு ஒரு பச்சை வட்ட ஒட்டுத்தாள் கொடுத்தார். சுவரில் மூன்று பெரிய தாள்கள்: பத்து, இருபது, முப்பது. பிடித்த எண்ணில் ஒட்டுங்கள், இதுதான் மக்கள் குரல் என்றார். முப்பது என்ற தாள் பன் தட்டுக்கு நேர் மேலே இருந்தது. இரண்டாவது பன்னுக்கு வரிசையில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே கையை உயர்த்தி ஒட்டினார்கள். மற்ற இரண்டு தாள்களுக்கும் உணவுக்கூடத்தைக் கடந்து போகவேண்டும், குழம்பு ஆறிவிடும். மாநிலம் முழுக்க பன் தட்டு அதே இடத்தில்தான் வைக்கப்பட்டது என்று பிறகு தெரிந்தது.

பெட்ரோனா டியேகோவும் அங்கேதான் ஒட்டினாள். ஆனால் பன்னுக்காக அல்ல. குவாத்தமாலா மலையிலிருந்து வந்து, ஊரின் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பிலிருந்து மாட்டுத் தோளை அறுத்துக்கொண்டிருந்தவள். வேலை முடிந்து ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தாள். எட்டு வயது மகள் மாலின் மொழிபெயர்த்துச் சொல்ல, மூன்று தாள்களையும் நெடுநேரம் பார்த்தாள்.

"பத்துப் பிள்ளைங்களைப் பாக்குறதை விட முப்பது பிள்ளைங்களைப் பாக்குறது நல்லதுதானேடி?"

"நல்லதுதாம்மா."

அப்படித்தான் ஒட்டினாள். நடுவில், நேராக.

மாநிலம் முழுக்க முப்பதுதான் வென்றது. கார்வர் பள்ளியில் ஆங்கிலம் வராத பிள்ளைகள், பேச்சு வந்தும் எழுதப் படிக்க வராத மாலினோடு சேர்த்து, பதினாறே பேர். அந்த ஆண்டு, மதிப்பெண்ணைப் பார்த்து மாநிலம் பள்ளிகளுக்குக் கொடுக்கும் ஐந்து நட்சத்திரமும் கார்வருக்குக் கிடைத்தது. முதல்வர் லைல் கோல்டர்மன் அதைப் பெரிய துணியில் எழுதிக் கால்பந்து மைதான வேலியில் கட்டினார். மறுநாள் பெட்ரோனா அவர் அறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"எம் பொண்ணு எங்க சார்?"

"எல்லாப் பிள்ளைங்களும் பத்திரமா இருக்காங்க, மிஸஸ் டியேகோ. நம்ம ஸ்கூல்ல ஒரு பிள்ளைகூட விடுபடல. அஞ்சு ஸ்டார், பாத்தீங்களா?"

"அஞ்சு ஸ்டார் வாங்கிட்டாராம்மா," என்றது பெட்ரோனாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "நான் இங்கதான் நிக்கிறேன்."

"அவளுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியல. டீச்சர் புஸ்தகமே குடுக்கலையாம்."

"யார்கிட்ட குடுக்கறது? வாங்கிக்க ஒரு கை தெரியணுமில்ல?"

"கையை நீட்டிக்கிட்டுத்தான் நின்னேன்னு சொல்லும்மா."

கோல்டர்மன் குரல் வந்த திசைக்குச் சற்று இடப்பக்கமாகப் பார்த்து அன்போடு சிரித்தார். "நல்ல குரல். பாட்டு வகுப்புல சேத்துடலாம்."

பெட்ரோனா எழுந்து வெளியே வந்தாள். பாதி எரிச்சல் அவர் மேல், பாதி அந்தப் பச்சை வட்டத்தை ஒட்டிய தன் கை மேல். ஆனால் அவளுக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது: முப்பதுக்கு ஆள்தான் குறைகிறது. அன்று முதல், ஞாயிறு தோறும், அக்கம்பக்கத்து மாநிலங்களில் கோழியும் பன்றியும் அறுக்கும் ஊர்களிலிருந்த தன் சொந்தங்களையெல்லாம் ஃபோனில் பிடித்தாள். "இங்க வேலை இருக்கு, வாடகை கம்மி. புள்ளை இருந்தா மட்டும் வாங்க. கல்யாணம் ஆகாதவனுங்களை அங்கயே வச்சுக்கங்க." குளிர்காலத்துக்குள் பழைய வேன்களில் குடும்பங்கள் வந்து இறங்கின. முப்பதாவது பிள்ளையின் பெயரைப் பதிவு செய்தபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. எழுத்தர் பொத்தானை அழுத்திய நொடியில் முப்பது பேரும் பளிச்சென்று தெரிந்தார்கள். ஒருவன் ஜன்னல் விளிம்பில் படுத்திருந்தான், இரண்டு பேர் ஆசிரியர்கள் அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். மாலின் முதல் வரிசையில் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். எத்தனை மாதமாகத் தூக்கியிருந்தாள் என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

"சொல்லு மாலின்," என்றார் டீச்சர்.

அன்று வீட்டுக்கு வந்து மாலின் சொன்னது அந்த ஒரு செய்திதான். டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கம்மா. பெட்ரோனா அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள்.

வசந்தத்தில் தேர்வு வந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத முப்பது பேரின் மதிப்பெண்ணும் சேர்ந்து பள்ளி ஒரே நட்சத்திரத்துக்கு இறங்கியது. வேலியிலிருந்த துணியைக் கழற்றினார்கள். வீட்டு விலை விழும் என்று வங்கிக்காரர் பேசினார், தேவாலயத்தில் பேசினார்கள், முடிவெட்டும் கடையில் பேசினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை, அந்த ஊரில் திட்டுவது வழக்கமில்லை. பள்ளி வாரியம் கூடி, உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து கொதிகலன் அறை வரை தரையில் ஒரு வெள்ளைக்கோடு போட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கார்வர் கிழக்குப் பள்ளி, அந்தப் பக்கம் கார்வர் மேற்குப் பள்ளி. கூரை ஒன்று, கழிப்பறை ஒன்று, முதல்வரும் ஒருவர்தான். கதவில் மட்டும் அவருக்கு இரண்டு பெயர்ப்பலகை. பக்கத்துக்குப் பதினைந்து பேராகப் பிரித்தார்கள். வண்ணம் காய்வதற்குள் பிள்ளைகள் மறுபடி மறைந்தார்கள். இரண்டு பள்ளிகளுக்கும் ஐந்தைந்து நட்சத்திரம் வந்தது, ஆகப் பத்து. மாநிலத்திலேயே எந்த ஊருக்கும் பத்து நட்சத்திரம் இல்லை.

பெட்ரோனா மறுபடி ஃபோனை எடுத்தாள். "எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தாலும் இன்னொரு கோடு போடுவாங்கம்மா. பெயிண்ட் நிறைய இருக்கு," என்றாள் மாலின். பெட்ரோனா ஃபோனை வைத்துவிட்டாள்.

மறைந்திருப்பவளை எந்த வகுப்பிலிருந்தும் எழுப்பி அனுப்ப முடியாது என்று மாலின் சீக்கிரமே கண்டுகொண்டாள். முதலில் முதல் வகுப்புக் குழந்தைகளோடு பாயில் உட்கார்ந்து எழுத்துக் கற்றாள். வயதுக்கு மீறி உட்கார்ந்திருக்கிறாள் என்று கேலி செய்ய அங்கே யாருக்கும் கண் போதவில்லை. அடுத்த ஆண்டு மேலே ஏறினாள். பதின்மூன்று வயதில் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வங்கிக்காரர் பிள்ளைகளுக்கும் மட்டும் நடக்கும் கணக்கு வகுப்பில், ஹீட்டர் மேல் உட்கார்ந்து கற்றாள். கற்றதை மதிய வேளையில் உடற்பயிற்சிக் கூடத்துப் படிகளின் கீழ் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் சொல்லிக் கொடுத்தாள். பந்து எடுக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வரும் வாய்ப்பாட்டைக் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஆங்கிலம் வந்துவிட்டது என்று அவர்களை வகை மாற்றியிருக்கலாம். அதற்கு ஒரு தேர்வு எழுதவேண்டும், தேர்வுத்தாளை யார் கையில் கொடுப்பது?

கல்லூரி நுழைவுத் தேர்வு வேறு ஊரில் நடந்தது. அங்கே மாலின் எல்லோரையும் போலத் தெரிந்தாள், எழுதினாள், மாநிலத்தில் முதலாவதாக வந்தாள். அந்த ஆண்டு பார்த்து அவள் படித்த மேற்குப் பள்ளியின் ஒரு நட்சத்திரம் ஆட்டம் கண்டிருந்தது; அவள் மதிப்பெண் கணக்கில் சேர்ந்தால் அது நிலைக்கும். கோல்டர்மன் ஆப்பிள் பூரணம் வைத்துச் சுட்ட பை ஒன்றை வாங்கிக்கொண்டு பெட்ரோனாவின் வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்கார்ந்திருந்த மாலினைப் பல வருஷம் கழித்து நேருக்கு நேர் பார்த்தார். இவ்வளவு உயரம் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"மாலின்மா, ஒரு சின்ன உதவி. தலைநகரத்துல பேசிட்டேன். உன்னை மட்டும் தனியா தெரிய வைக்கலாமாம். சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"மத்தவங்க?"

"அது வந்து, படிப்படியாப் பாக்கலாம்."

பெட்ரோனா மகள் முகத்தைப் பார்த்தாள். பத்து வருஷமாக அவள் கேட்டது இதைத்தான். ஆமாம் என்று சொல்லடி என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவர் சொல்வது ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் என்பது அவளுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

"முப்பது பேரும் தெரியட்டும் சார். கோட்டை அழிச்சிட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்," என்றாள் மாலின்.

"நல்ல ஆப்பிள் பை சார். எடுத்துட்டுப் போங்க," என்றாள் பெட்ரோனா.

பட்டமளிப்பு விழா மே மாதம் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. மாநில முதலிடம் என்பதால் செய்தித்தாளிலிருந்து புகைப்படக்காரர் வந்திருந்தார். மாலின் டியேகோ என்று பெயர் படித்ததும் ஊரே எழுந்து கைதட்டியது. கோல்டர்மன் காற்றில் கையை நீட்டி, பிடித்து, நன்றாகக் குலுக்கினார். புகைப்படக்காரர் இன்னொரு முறை என்றார், இன்னொரு முறையும் குலுக்கினார். "வாழ்த்துகள் மாலின், கை என்னமா இறுக்கமாப் பிடிக்கிற!" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மேலே கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த பெட்ரோனாவும் சிரித்தாள். விழா தொடங்கியதிலிருந்து மாலின் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. மகளின் கை அவள் கைக்குள்தான் இருந்தது. வியாழக்கிழமை படம் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்தது. இரண்டு பேருமே நன்றாக விழுந்திருப்பதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.